எந்த ஊரு?

தேர்தல் வந்தாலே கண்டக்டருக்குத் தலைவலி. ஆற்றுப் பாலம் வரை பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஒரு கட்சி. பாலம் தாண்டி டவுனுக்குள் ஏறுகிறவர்கள் வேறு கட்சி. ஒரே தொகுதிதான், ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இந்தத் தடவை சண்டை பைபாஸ் ரோட்டுக்காக. டவுனுக்கு அது வேண்டும், கிராமத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிராமத்தில் பிறந்து டவுனில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் அவரை இரண்டு பக்கமும் பிய்த்து எடுத்தார்கள். "வாசல்ல லாரி நம்ம பொண்ணு சைக்கிளை இடிச்சது மறந்துபோச்சா?" என்றாள் மனைவி. "ரோடு நம்ம வயல் நடுவுல போகுதுடா தம்பி. உன் ஓட்டு எங்களுக்குத்தானே?" என்று அண்ணன் தினமும் போன் செய்தார்.

கடைசியில் வயலுக்குத்தான் என்று முடிவு செய்து, அண்ணனிடமும் சொன்னார், மனைவியிடமும் சொன்னார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் போனிலேயே அழுதுவிட்டார்.

டவுன் வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் இல்லை!

"ஊர் மாறிட்டீங்கன்னு எழுதியிருக்கே சார்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் ஒரு பெண் வீடு வீடாகப் பட்டியல் சரிபார்க்க வந்தாள். இவர் பாதி சவரத்தில் நின்றிருந்தார். "எந்த ஊருங்க?" என்று கேட்டாள். ஊர் என்று கேட்டால் இவர் வாயில் கிராமத்தின் பெயர்தான் வரும். அன்றைக்கும் வந்து தொலைத்தது. அவளும் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவளைச் சொல்லி என்ன, தன் நாக்கை அல்லவா செருப்பால் அடிக்க வேண்டும்!

விழுந்தடித்துக் கிராமத்துப் பள்ளிக்கூடச் சாவடிக்கு ஓடினார். "உன் பேரைத்தான் இருபது வருஷம் முன்னாடியே அடிச்சாச்சே. நீ டவுன்காரனாச்சே!" என்று அங்கே சிரித்தார்கள்.

பள்ளிக்கூட வாசலில் நின்ற அண்ணன், தம்பியின் விரலைத்தான் முதலில் பார்த்தார். மை இல்லை.

"லிஸ்ட்ல பேரு இல்லண்ணே."

"பொண்டாட்டி வேண்டாம்னுட்டான்னு நேரா சொல்லு. எதுக்குடா இந்தக் கதை?"

"சத்தியமாண்ணே! அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேட்டா, நான் நம்ம ஊரைச் சொல்லித் தொலைச்சேன்!"

அண்ணன் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

டவுன் கட்சி ஜெயித்தது. வித்தியாசம் ஆயிரக்கணக்கில், இவர் ஓட்டால் ஒன்றும் மாறியிருக்காது. இதை அண்ணனிடம் சொல்ல நினைத்து நான்கு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை, கையில் நில அளவை நோட்டீஸோடு அண்ணன் கிராமத்து ஸ்டாப்பில் பஸ் ஏறினார். கண்டக்டர் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றார்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே சில்லறையை நீட்டினார்.

"உங்க ஊருக்கு ஒரு டிக்கெட்."