கையில் இருப்பதும் கையில் இல்லாததும்

இதை எழுத நான் யார் என்ற கேள்வி எனக்கே இருக்கிறது. பத்தாவதோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவன். மனத்தைப் பற்றி எழுத, படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது இது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் வராதது எழுதினால் கொஞ்சம் வருகிறது.

சிங்கப்பூர் வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. எங்கள் சென்னை ராயபுரத்தில் "இன்னா மாமு, எப்டி கீற?" என்று கேட்டவர், நாம் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார். இங்கே மாலினி என்ற பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டார்மெட்டரி சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, தொழிலாளர்களோடு மனநலம் பற்றிப் பேசுவாள். கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் தடவை அவள் கேட்டபோது, தப்பிக்க வழியில்லாமல், "பேஜாரா கீதும்மா" என்றேன். அவளும் தமிழ்தான், ஆனால் இந்த ஊரிலேயே பிறந்த தமிழ். சற்று யோசித்து, "போரடிக்குதாண்ணே? கேரம் போர்டு கொண்டு வரட்டுமா?" என்றாள். அடுத்த வாரம் கேரம் போர்டு வந்துவிட்டது. பேஜாரு என்றால் அலுப்பு மட்டும் இல்லை. பயம், எரிச்சல், எதையும் செய்ய முடியாத தவிப்பு எல்லாம் சேர்ந்த சொல் என்று விளக்க எனக்குக் கூச்சம். சில வாரங்கள் பேசாமல் கேரம் ஆடினேன்.

என் பேஜாரு என் தம்பி சகாயம். காசிமேட்டில் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவன். வாய் ஓயாதவன், ஏலம் போடும் பெண்களிடமே வம்பிழுத்து, திட்டு வாங்கி, சிரித்துக்கொண்டே வருவான். சென்ற மழைக்காலத்துக்கு முன் அதே படகில் போன அவனுடைய தோஸ்து சேகர் வலை இழுக்கும்போது கடலில் விழுந்தான். தேடினார்கள், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சகாயம் கடலுக்குப் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று அவன் மனைவி ரீட்டா சொல்வாள். நான் போன் செய்தால், "பேஜார் பண்ணாதணா" என்று வைத்துவிடுவான். என்னைத் தொல்லை செய்யாதே என்பதற்கும் எங்கள் ஊரில் அதே சொல்தான். ஒரு பக்கம் நான் பேஜாரில் இருக்கிறேன் என்கிறேன், மறுபக்கம் அவன் பேஜார் பண்ணாதே என்கிறான்.

ஒரு ஞாயிறு, எப்படியோ தைரியம் வந்து மாலினியிடம் இதைச் சொன்னேன். சிந்திய தேநீரில் விரலைத் தொட்டு மேசையில் இரண்டு வட்டம் போட்டாள். "இது நம்ம கையில இருக்கிறது. இது நம்ம கையில இல்லாதது. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாலே பாதி பாரம் குறையும்ணே. பழைய காலத்துத் தத்துவம்தான், இன்னைக்கும் மருத்துவர்கள் சொல்றாங்க." எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஷிப்யார்டில் சூப்பர்வைசர் கத்தும்போது அவர் கோபத்தை இரண்டாவது வட்டத்தில் போட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். உண்மையிலேயே லேசாக இருந்தது. எனக்கு வேலை செய்த மருந்து தம்பிக்கும் செய்யும் என்று நம்பினேன்.

வீடியோவில் கூப்பிட்டேன். ரீட்டா போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். வட்டங்களைச் சொன்னேன். கடல் நம் கையில் இல்லை, காற்று நம் கையில் இல்லை என்றேன். அவன் பல மாதத்துக்குப் பிறகு லேசாகச் சிரித்தான்.

"இன்னாணா, சிங்கப்பூர்ல ஃபாதர் ஆய்ட்டியா? பிரசங்கம் பண்ணிகினு கீற."

அந்தச் சிரிப்பை நம்பி இன்னும் ஒரு அடி வைத்தேன். "சேகரும் உன் கையில இல்லடா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "கையிலதாண்ணா இருந்தான். ரெண்டு கையாலயும் புட்சினு இருந்தேன். இஞ்சின்ல வேல பாத்த கையி, பூரா டீசலு. வழுக்கினு பூட்டான்." இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினான். "சொல்லு. அவன் எந்த வட்டம்?"

இதை அவன் ரீட்டாவிடம்கூடச் சொன்னதில்லை. போன் ஆடியது, அவள் அழுவது கேட்டது. அவனே கை நீட்டிப் போனை அணைத்துவிட்டான்.

மாலினியிடம் சொன்னேன். இந்த முறை அவள் கேரம் போர்டு பற்றிப் பேசவில்லை. "தப்பு உங்க மேல இல்லண்ணே. ஆனா இதுக்கு வட்டம் போதாது. மருத்துவர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். ரீட்டாவிடம் சொன்னேன். "நா இஸ்துகினா போவ முடியும் மாமா? நீ இங்க இருந்தீன்னா வருவாரு" என்றாள். வேலை பெர்மிட் முடியாமல் நான் ஊருக்குப் போக முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அந்தத் தத்துவம் பொய் என்று நான் சொல்லவில்லை. பிடித்திருந்து நழுவவிட்ட கைக்கு அதில் இடம் எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் பெயிண்ட் அடிக்கும் கப்பல் சென்னைக்குப் போகிறதாம். தண்ணீருக்குள் மூழ்கும் அடிப்பாகத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் என் வேலை. எனக்கு முன்னால் அது எங்கள் கரைக்கு எதிரே போய் நங்கூரம் போடும். ராயபுரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கப்பல் தெரியும். என் கை பட்ட இடம் தெரியாது.

ரீட்டாவிடம் நான் சொன்னதற்கு மறுநாள் காலை, மருத்துவரிடம் போக அவள் வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாளாம். சகாயம் சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தான். ஏறவில்லை. ஆட்டோ போய்விட்டது.