அவர் பெயரில் என் நாடி

நான் என் மகளை ஏமாற்றினேன். தன் தகப்பனின் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று, கனடாவில் இருந்துகொண்டு தினமும் போனில் பார்த்தாளே... அவள் பார்த்தது அவருடைய துடிப்பை அல்ல. என்னுடையதை!

அவருக்கென்று அவள் அனுப்பிய மணிக்கூட்டை நான் என் கையில் கட்டியிருந்தேன். இவ்வளவுதானா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். முழுவதையும் கேளுங்கள், அதற்குப் பிறகும் வந்தால் சிரியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. திருகோணமலையில், லிங்கநகரில் எங்கள் வீடு. கணவர் மரியதாஸ், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் இயந்திரம் பார்த்தவர். எங்களுக்கு ஒரே மகள், டிலானி. பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதினார்கள் என்று எத்தனை பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருப்பேன்! அந்தக் கண்டிப்பான ரீச்சர்தான் இந்த வேலையைச் செய்தவள்.

போன வருடம் இவருக்கு நெஞ்சில் ஒரு நோ வந்தது. இரத்த அழுத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் டிலானிக்கு அங்கே நித்திரை போய்விட்டது. ஊருக்கு வந்த ஒருவரின் கையில் அந்த மணிக்கூட்டைக் கொடுத்துவிட்டாள். அது நாடியை விடாமல் பார்க்கும். துடிப்புப் பிசகினால் அறிவிக்கும். அதன் பக்கத்தில் விரலை வைத்தால் நெஞ்சின் அடிப்பைக் கோடாகக் கீறிக் காட்டும். எல்லாம் உடனுக்குடன் அவளுடைய போனுக்குப் போகும்.

ஒரேயொரு குறை. பற்றரி முழுதாக ஒரு நாள் நிற்காது! விடாமல் பார்க்கிற வேலையே அதன் உயிரைக் குடித்துவிடும். போதாக்குறைக்கு இவர் காலையில் இறங்குதுறைக்குப் போய், சினேகிதர்களுக்கு முன்னால் கையைத் தூக்கித் தூக்கி வெளிச்சம் காட்டுவார். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது மணிக்கூடு செத்திருக்கும். அதைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து எழும்பி, பின்னேரம் வெறுங்கையோடு மறுபடியும் இறங்குதுறைக்குப் போய்விடுவார். அங்கே சீட்டுக்கட்டோடு காட்ஸ் விளையாட்டு. இருட்டின பிறகுதான் திரும்புவார்.

இங்கே பின்னேரம் என்றால் அங்கே விடியல். டிலானி கண் விழித்ததும் முதலில் பார்ப்பது தகப்பனின் நாடியை. அந்த நேரம் பார்த்து அங்கே ஒன்றும் இராது!

முதல் தடவை அப்படி நின்றபோது நான் கோயிலில் இருந்தேன், போனை நிறுத்தி வைத்திருந்தேன். பிள்ளை பக்கத்து வீட்டு றீற்றா அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். றீற்றா அக்கா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடி, தலையில் அடித்தபடி இறங்கினாளாம். இவர் கையில் நல்ல காட்ஸ் பிடித்திருந்த நேரம்!

"என்னைச் சாக்காட்டிப்போட்டோ வாறாய்?" என்று அவளிடம் பாய்ந்தவர், வீட்டுக்கு வந்து மகளிடமும் பாய்ந்தார். "நான் என்ன ஆஸ்பத்திரிக் கட்டிலிலயோ கிடக்கிறன்? ஒரு மனிசனை நிம்மதியா இருக்க விடமாட்டியளோ?"

அவள் அழுதாள். அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

விடாமல் பார்ப்பதை நிறுத்தி வைத்தால் பற்றரி சில நாள் நிற்கும் என்று அவளே சொன்னாள். "அப்ப அப்பிடியே விடன் பிள்ளை" என்றேன். "அப்ப எதுக்கம்மா அந்தச் சாமான்? பாக்காத நேரத்தில ஏதும் நடந்தா?" என்று கேட்டாள்.

இவரிடம் கெஞ்சினேன். "பின்னேரமும் கட்டிக்கொண்டு போங்கோவன்."

"ரீச்சர், அது என்ர கையில இருக்கிறதை விட வயரில இருக்கிறதுதான் கூட. ஆளை விடு" என்றார். என்னை அவர் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அப்படித்தான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர் வெளிக்கிட்டுப் போனதும் மணிக்கூட்டைச் சார்ஜிலிருந்து கழற்றி என் கையில் கட்டினேன். டிலானி எழும்பும் நேரம் அங்கே ஒரு நாடி துடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வருமுன் மறுபடியும் வயரில் மாட்டிவிட்டேன்.

"அம்மா, அப்பா இண்டைக்கு நல்லா இருக்கிறார் போல" என்று அவள் சந்தோஷமாகக் கதைத்தாள். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா எனக்கு! யாருக்கு என்ன நட்டம்? என் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. வாழ்நாளில் நான் ஆஸ்பத்திரியில் படுத்தது டிலானியைப் பெற்றபோது மட்டும்தான்... அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாளில் நிற்கவில்லை. மாதக்கணக்காக, ஒவ்வொரு பின்னேரமும். சட்டையின் நீளக் கையை இழுத்து மறைத்துக்கொண்டு மீன் கழுவினேன், கொடியில் உடுப்புப் போட்டேன். சில வேளை நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்து ஓயும். வாய்வு என்று உள்ளி அவித்துக் குடித்தேன். கள்ள வேலை செய்கிறவளுக்குப் படபடக்காமல் இருக்குமா என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் போன் அடித்தது. எடுத்த கையோடு டிலானியின் அலறல்.

"அம்மா, அப்பாட நெஞ்சு ஒழுங்கில்லாம அடிக்குதாம்! மணிக்கூடு அறிவிச்சிருக்கு! அப்பா எங்க?"

அப்பா இறங்குதுறையில்! மணிக்கூடு என் கையில்!

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். 'பிள்ளை, அது நான்.' ஏன் சொல்லவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன் நானே என்னைக் கேட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்... மாதக்கணக்காகப் பொய் சொன்னவள் என்று பிள்ளை என்னை நினைப்பாளே என்ற பயம்தான் முதலில் வந்தது.

"இஞ்சதான் இருக்கிறார். படுத்திருக்கிறார்" என்றேன்.

"அவற்ற விரலை எடுத்து மணிக்கூட்டின்ர பக்கத்தில வையுங்கோ. அரை நிமிஷம் அசையக்கூடாது. நான் பாக்கிறன்."

மணிக்கூடுதான் பிழை சொல்லியிருக்கும் என்று நம்பினேன். என்னுடையது நல்ல நெஞ்சு. கோடு ஒழுங்காக வரும், பிள்ளையின் பயம் தெளியும், கதை அதோடு முடியும். அந்த நம்பிக்கையில் என் விரலை வைத்தேன். கைப்பிள்ளைக்கு மருந்து பருக்குகிற மாதிரி அவ்வளவு கவனமாக வைத்தேன்!

அரை நிமிஷம் முடிந்ததும் அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.

"அம்மா, பிழையாத்தான் வருது. உடனே டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. அம்மா, கேக்குதா?"

கேட்டது. குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோணல் கோடு என் நெஞ்சு போட்டது... அதை அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

இறங்குதுறைக்கு ஆள் அனுப்பி இவரைக் கூட்டிவந்தேன். மத்தியானம் இவர் அயர்ந்திருந்தபோது நான் மணிக்கூட்டைக் கட்டி, இவர் விரலை வைத்து எடுத்த கோடு, இப்போதுதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று இவருக்கு ஒரு பொய். நித்திரையால் எழும்பிப் போனவரை வழியில் மறித்துக் கூட்டிவந்தேன் என்று அவளுக்கு ஒரு பொய். ஒரு பொய்க்கு முண்டுகொடுக்க இன்னொன்று... பொய் சொல்ல எனக்கு இவ்வளவு வருமென்று எனக்கே தெரியாது.

தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு இளம் பெண் டொக்டர், பக்கத்துக் கிண்ணியா ஊர்ப் பிள்ளை. இவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தாள். நன்றாக இருந்தது. இராமல் என்ன செய்யும்! டிலானி அனுப்பிய கோட்டைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது வந்து வந்து போற வருத்தம் அன்ரி. வராத நேரம் எடுத்தா இஞ்ச பிடிபடாது" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "இந்தக் கோடு எடுக்கேக்க மணிக்கூடு அங்கிள்ட கையிலதானே இருந்தது?"

அந்தப் பிள்ளை கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள். அவளில் ஒரு குற்றமும் இல்லை.

"ஓம் டொக்டர், அவற்ற கையிலதான்" என்றேன்.

என் பாவம் முழுவதும் அந்த ஓமில் இருக்கிறது. மணிக்கூட்டைக் கட்டியது விளையாட்டு. விரலை வைத்தது மடைத்தனம். ஓம் என்றது... அதற்கு நான் பெயர் தேடமாட்டேன்.

இந்த வருத்தத்தில் இரத்தம் நெஞ்சுக்குள் கட்டிபட்டு மூளைக்குப் போய் அடைக்கலாம், கை கால் விறைத்து விழலாம், அதனால் இரத்தத்தை இளக்கும் குளிசை வேண்டும் என்றாள். இவருடைய வயது, இரத்த அழுத்தம், எல்லாம் பொருந்தி வந்தது. நாளும் தவறாமல் போட வேண்டும், அடிகாயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலம் முழுக்க. இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சூறாவளிக்குள்ளும் இயந்திர அறையை விட்டு ஏறாத மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இவர் வேறு ஆள். இறங்குதுறைக்குப் போவதில்லை. வாளியைத் தூக்கமாட்டார். மணிக்கூட்டைக் கழற்றவே மாட்டார்! காலையும் பின்னேரமும் குளிக்கும் நேரம் மட்டும் சார்ஜில் போட்டு, தலை துவட்டும் முன் ஓடிவந்து கட்டுகிறார். இப்போது அது அவருடைய உண்மையான நாடியைத்தான் காட்டுகிறது. ஒரு பிசகும் இல்லை.

அதைப் பார்த்து டிலானி என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, குளிசை நல்லா வேலை செய்யுது!"

ஐயோ... இனி அந்தக் குளிசையை யார் நிறுத்துவார்கள்? அவர் எவ்வளவு நன்றாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு அது தேவை என்று ஆகிவிட்டதே!

போன கிழமை விளைமீன் வெட்டும்போது இவருடைய பெருவிரலில் கத்தி பட்டது. சின்ன வெட்டு. முன்பென்றால் சூப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார். இரத்தம் நிற்கவில்லை. சீலைத் துண்டைச் சுற்றினேன், ஊறியது. இன்னொன்றைச் சுற்றினேன், அதுவும் ஊறியது. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நிலத்தில் இருந்தேன். மாதாவே, இது நிற்காவிட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நேர்ந்தேன். நின்றது. சொல்லவில்லை.

"பயந்திட்டியே ரீச்சர்?" என்று சிரித்தார். "பிள்ளை இந்தச் சாமானை அனுப்பியிராட்டி நான் எப்பவோ போயிருப்பன், என்ன?"

வாயைத் திறந்தேன். "ஓம்" என்றுதான் வந்தது.

என்னைப் பற்றிய ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பொய்க்காரி என்று மகள் நினைப்பாளே என்று பயந்தேன் என்றேன். உண்மைதான். ஆனால் அடியில் கிடக்கும் பயம் வேறு. நான் சொன்னால் அந்தக் கோணல் கோடு என்னுடையதாகிவிடும். சொல்லாதவரைக்கும் அது அவருடையது! நோயாளி, வருத்தக்காரி நானாகிவிடுவேனே என்று நடுங்கி, என் வருத்தத்தை அவர் தலையில் கட்டிவைத்திருக்கிறேன். இப்படி ஒரு மனைவியை நீங்கள் கண்டதுண்டா?

படபடப்பு இப்போது அடிக்கடி வருகிறது. நேற்றுமுன்தினம் இடது கை கொஞ்ச நேரம் விறைத்து, கோப்பை விழுந்து உடைந்தது. சவுக்காரம் வழுக்கியது என்றேன். இவருக்கு அது போதவில்லை. அன்றைக்கே மகளிடம் சொல்லியிருக்கிறார். "அம்மாவும் களைச்சுப் போனா. அவவுக்கும் ஒண்டு அனுப்பு பிள்ளை."

டிலானி வீடியோவில் இரண்டு படங்களைக் காட்டினாள். "அம்மா, ஒண்டு அப்பாட மாதிரி. எல்லாம் பாக்கும், ஆனா ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடோணும். மற்றது மெல்லிசுப் பட்டி. ரெண்டு கிழமை பற்றரி நிக்கும். ஆனா நாடியை இடைக்கிடைதான் பாக்கும், கோடு கீறாது, பிசகினாலும் சொல்லாது. எது வேணும்?"

இவர் பக்கத்திலிருந்து, "விலையைப் பாக்காதை, நல்லதை எடு" என்றார்.

நல்லது என் கையில் ஏறினால் ஒரு பின்னேரத்தில் எல்லாம் வெளியில் வந்துவிடும். அதே கோடு வரும். டிலானி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கெட்டிக்காரி. கடவுள் எனக்காகத் திறந்துவிட்ட கதவு அது என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது.

"எனக்கென்ன வருத்தம் பிள்ளை? அந்த ரெண்டு கிழமைப் பட்டியை அனுப்பு. ஒவ்வொரு நாளும் ஆர் சார்ஜ் போட்டுக்கொண்டு திரியிறது?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து இவர் கூப்பிடுகிறார். குளிசைக்கு நேரமாகிவிட்டதாம். தண்ணீர் கேட்கிறார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.