பங்காளிகளின் ஈரல்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷமாகத் தரகு பேசிவந்த அப்புசாமி, 1976 மாசியில் ஒரு சந்தை நாளைத் தூங்கியே கழித்தார். உடம்பெல்லாம் அரிப்பு என்று முந்தின நாள் டாக்டர் இன்னாசிராஜிடம் வாங்கிய மாத்திரையில் ஒன்றைத்தான் விழுங்கியிருந்தார். எழுந்தபோது மணி மூன்று, சந்தை கலைந்துவிட்டது. அவர் விலை பேசிவைத்திருந்த காளைகளை, பெரியப்பா மகனும் போட்டித் தரகருமான பங்காளி பொங்கியண்ணன் கைமாற்றிவிட்டிருந்தார்.

வெட்கத்தில் ஆறு நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, அடுத்த சந்தைக்கு முந்தின மாலை டாக்டரிடம் சண்டைக்குப் போனார். கூடவே மனைவி ராமாத்தாள். வேடிக்கை பார்க்கப் பொங்கியண்ணன். டாக்டர் இளவயதுக்காரர். எல்லாருக்கும் கொடுக்கிற அளவுதான் என்று சாதித்தார். தும்மலுக்கு அதே மாத்திரையைத் தின்றுவிட்டு விடியுமுன் எழுந்து பால் கறந்ததாக ராமாத்தாளும் சாட்சி சொன்னாள்.

பொங்கியண்ணனுக்கு அது போதும்.

"ஏனுங்க டாக்டரு, இத்துனூண்டு மாத்திரைக்கு மயங்கறதுக்கு எங்க வம்சமென்ன கோழிக்குஞ்சா?" என்றவர், டாக்டர் தடுப்பதற்குள் மேசையிலிருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் மீசையை நீவியபடி உட்கார்ந்திருந்தார். பிறகு பேச்சுக் குழறியது. பெஞ்சிலேயே சாய்ந்தார். பயந்துபோன டாக்டர் மறுநாள் வரை பக்கத்திலேயே இருந்து நாடி பார்த்தார். அங்கே பங்காளி குறட்டை விட, இங்கே அப்புசாமி சந்தையில் பங்காளியின் வாடிக்கை ஆட்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பொங்கியண்ணன் கண்விழித்ததும் டாக்டர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வயதானால் ஈரல் மருந்தைக் கரைத்து வெளியேற்றுவது தாமதமாகும். சில குடும்பங்களில் பிறவியிலேயே அப்படித்தான் என்று காசநோய் மருந்து விஷயத்தில் கண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். ராமாத்தாள் வேறு குலக் கூட்டத்தில் பிறந்தவள். அவள் ஈரல் வேறு மாதிரி. இனிமேல் ஆண்கள் இருவருக்கும் கால் மாத்திரை.

"வயசெல்லாம் இல்லீங்க, வம்சந்தான்" என்றார் பொங்கியண்ணன் அவசரமாக. அப்புசாமியும் தலையாட்டினார். இருவரும் ஒத்துப்போய் ராமாத்தாள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மருந்துச் சீட்டில் எழுத டாக்டர் வயதைக் கேட்டார். அப்புசாமி, அறுபது என்றார். அவருக்கு மூத்தவரான பொங்கியண்ணன் சற்று யோசித்து, ஐம்பத்தொன்பது என்றார்.

"இவருக்கு எழுவத்தொண்ணுங்க, மச்சாண்டாருக்கு எழுவத்தி மூணுங்க" என்றாள் ராமாத்தாள். "எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க. நான் இவிய வம்சமில்லீங்களே, முழு மாத்திரையே போடுங்க."