மீசை வைத்த முனியப்பன்

எம்.ஏ.வில் மதங்களின் வரலாறு என்று ஒரு பேப்பர் இருந்தது. அதில்தான் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். எகிப்தில் பழைய சாமிகளின் கோயில்கள் மாதா கோயில்களாயின, பிறகு சில பள்ளிவாசல்களாயின. எவ்வளவு உருப்போட்டும் மண்டையில் நிற்கவில்லை. பார்க்காத ஊர்கள், பார்க்காத சாமிகள். மதுரை ஹாஸ்டலிலிருந்து கம்பத்துக்குப் பஸ் ஏறியபோது அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

எங்கள் தோட்டத்தை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி ஒரு பாறை உண்டு. அதில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஓர் உருவம். கையில் ஆயுதம் இல்லை, மீசை இல்லை, உடம்பில் பொட்டுத் துணி இல்லை. தலைக்கு மேல் மூன்று குடை. ஊருக்கு அவர் முனியப்பன். ஆடியில் சேவல் அறுப்பார்கள், சுருட்டு வைப்பார்கள், கூச்சப்பட்டு இடுப்பில் ஒரு வேட்டியும் சுற்றிவிடுவார்கள்.

மறுபடி பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். அதே உட்காரல், அதே மூன்று குடை. சமணத் தீர்த்தங்கரர். எறும்பு சாகக்கூடாது என்று தரையைப் பெருக்கிக்கொண்டு நடந்தவர்களின் கடவுள். அவருக்குத்தான் நாங்கள் வருஷா வருஷம் சேவல் ரத்தம் தெளித்துக்கொண்டிருந்தோம்! அன்றைக்கு அந்தப் பேப்பர் எனக்குப் புரிந்தது. இதற்கு எகிப்துவரை போவானேன்?

உருவத்தின் காலடியில் மூன்று வரி எழுத்து இருந்தது. சின்ன வயதில் விரலால் தடவியிருக்கிறேன். பேராசிரியரிடம் சொன்னேன். "வட்டெழுத்தாக இருக்கும். அதை யார் செய்துவைத்தார்கள் என்று பெயர் வெட்டியிருப்பார்கள். மைப்படி எடுத்து வாருங்கள், இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை" என்றார். கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தை எடுப்பதுதான் மைப்படி. அந்த மூன்று வரியை முதலில் படிப்பவள் நானாக இருக்க வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. அம்மாவுக்குக் கடிதம் போட்டேன்: முனி காலடியில் இருக்கிற எழுத்து எனக்கு ரொம்ப முக்கியம், பார்த்துக்கொள்.

இரண்டாம் முறை பாஸானேன். தாளும் மையுமாக ஊருக்கு வந்து இறங்கினால், பஸ் ஸ்டாப்பில் அம்மா. வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் பாறைக்குக் கூட்டிப்போனாள். நான் பாஸானால் முனிக்குப் பெயிண்ட் அடிப்பதாக நேர்ந்திருந்தாளாம்.

முனியப்பன் நீல நிறத்தில் பளபளத்தார். கன்னம்வரைக்கும் கடாமீசை. வேட்டியைப் பச்சை பெயிண்டிலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டிருந்தார்கள். காலடியில் சிமெண்ட். அதன்மேல் சிவப்பு நிழல் வைத்த மஞ்சள் எழுத்தில், "உபயம்" என்று போட்டு என் பெயர். பக்கத்தில் எம்.ஏ.

"எழுத்து எங்கம்மா?"

"அங்கனதான இருக்கு, கண்ணு தெரியலையா? கம்பத்துல ஜீப்புக்கெல்லாம் பேரு எழுதுறாகளே, அந்தப் பெயிண்டரைத்தான் கூட்டியாந்தேன். பழசு ஒண்ணும் வெளங்கலைன்னு சொன்னாக. கொத்திவிட்டு, சிமெண்டைப் பூசி, புதுசா எழுதிக் குடுத்தாக. நீதானத்தா எழுத்து முக்கியம்னு கடுதாசி போட்ட?"

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பட்டிக்காடு என்றேன். கையிலிருந்த தாள்சுருளைப் பாறையில் அடித்தேன். அம்மா பயந்து முனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ பெயிலானப்ப இங்கனதான்டி வந்து ஒரு நாள் பூரா உக்காந்திருந்தேன். வேற ஆருகிட்டப் போவேன்?"

நசுங்கிய தாள்சுருளை நீவிவிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. 'பார்த்துக்கொள்' என்று எழுதிய கடிதத்தில், தொடாதே என்று ஒரு வார்த்தை எழுத எனக்கு என்ன கேடு?

பழைய மூன்று வரியும் ஓர் உபயம்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது. யாரோ எதற்கோ வேண்டிக்கொண்டு, உருவம் செய்துவைத்து, தன் பெயரை வெட்டியிருக்கிறார். ஆணா பெண்ணா என்பதுகூட இனி யாருக்கும் தெரியாது. என் பெயரை மட்டும் கூடலூர் ஜீப்பில் போகிறவர்கள் ரோட்டிலிருந்தே படிக்கிறார்கள்.