மாணவர் மன்றத்துக் கோவை இலை

கான்ட்ராக்டில் நான் செடி வெட்டுகிற சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வேலியில் இன்று கோவைக்கொடியைப் பிடுங்கியபோது கையில் ஒட்டிய பச்சை வாசம், சுரங்கப் பள்ளமாகிவிட்ட எங்கள் ஊரின் மாணவர் மன்றத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் படித்த எங்கள் ஊர் அண்ணன்கள் சங்கம் வைத்து, விடுமுறையெல்லாம் தாங்களே கல் சுமந்து கட்டிய அந்த ஒற்றை அறைதான் ஊரில் முதன்முதலாகத் தளம் போட்ட கட்டடம். சாயங்காலமானால், களையெடுத்துத் திரும்பிய பெண்கள் ஈரச் சேலையோடு அங்கே உட்கார்ந்து சிலேட்டில் பெயரெழுதப் பழகுவார்கள். பல்பம் கிறீச்சிடும், எழுதியதை அழிக்கக் கோவை இலையைக் கசக்கித் தேய்த்துத் தேய்த்துத் தரையெல்லாம் பச்சைச் சாறாகும், நடுவில் மூர்த்தி அண்ணன் "இனிமே யாரும் உங்கள கைநாட்டுன்னு சொல்லிகினு திரியக் கூடாதுங்க" என்றபடி நடப்பார். அம்மாவுக்குப் பெயர் நேராக வர ஒரு மழைக்காலமே ஆனது.

சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்த அதிகாரிகள் உட்காருவதற்கு ஊரில் வேறு நல்ல இடமில்லை. வீட்டுக்கொரு பர்மனென்ட் வேலை என்ற பேச்சை நம்பி, அண்ணன்களே மன்றத்தைத் திறந்து, பெருக்கி, பெஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் நிலத்துக்கான தாளை நீட்டிய அதிகாரி மை டப்பாவையும் சேர்த்து நகர்த்தினார்.

"மை வேணாங்க, எனக்கே எழுத வரும்" என்றாள் அம்மா.

தாளில் அவள் எழுதிய முதல் கையெழுத்து அது. ஒரு எழுத்தும் பிசகவில்லை. மூர்த்தி அண்ணன் கை தட்டினார்.