மெஸூதுக்குப் பந்தித்துணை

ரொட்டியைப் பிய்த்து, ஆலிவ் எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டு, லாயத்துக்கு வெளியே கேட்கும்படி மெல்லுகிறார் புஷைப். கவிழ்த்த வாளிதான் ஆசனம். எதிரே அவருடைய குதிரை மெஸூத், காதுகளை முன்னால் நீட்டி அவர் தாடையையே பார்க்கிறது.

"பிஸ்மில்லா சொல்லியாச்சுடா. நீயும் ஆரம்பி."

மெஸூத் வலைப்பையிலிருந்து ஒரு வாய் உலர்புல்லை உருவுகிறது.

எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாத வாகு அதற்கு. முன்னங்கால் தசைநாண் பிசகி, லாயத்தைவிட்டு நகரக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு தீனியையும் வெறுத்துச் சுவரைப் பார்த்து நின்றது. குதிரைமசால், ஊறவைத்த சர்க்கரைக்கிழங்குச் சக்கை, கேரட் எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒரு மதியம், அதை விட்டுப் போக மனமில்லாமல் புஷைப் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். குதிரை திரும்பியது. தின்றது. திருவிழாவில் வீரர்கள் துப்பாக்கி வெடித்தபடி குழுவாகப் பாயும் குதிரை வரிசையில் தோளோடு தோள் உரசி ஓடி, அதே வரிசையில் நின்று தின்று பழகிய பிராணிக்கு, தனியாகத் தீனி இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் சாப்பாடு முழுக்க லாயத்தில்தான். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைக்குப் பிரித்து வைப்பதால், அவரும் பல வேளை சாப்பிடுகிறார். வலையின் கண் சிறியது. மெஸூத் முடிக்க நேரமாகும். ரொட்டி தீர்ந்தால் சூரியகாந்தி விதை கொறிப்பார்.

"என்னோட ஒரு நாளாவது இப்படி நிதானமா உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா?" என்பார் மனைவி ஃபத்னா.

"நீயும் வாயேன். இடமா இல்ல?"

குதிரைக் குழுவின் தலைவர் ஜிலாலி, ஃபத்னாவின் அண்ணன். போன வாரம் வந்தவர் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"கால் தேறிடும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா இந்த எலும்புக்கூட்டு மேல சேணம் போட விடமாட்டேன் மச்சான். வெள்ளிக்கிழமைக்குள்ள வயித்துப்பட்டை ஒரு துளை தளரணும். இல்லேன்னா இவன் இடத்துல வேற குதிரை. பார்லியை அள்ளிப் போடுவியா, அதை விட்டுட்டு!"

"போடலாம். நிக்கிற குதிரைக்கு அந்தச் சூடு தலைக்கேறிச் சுவத்த உதைக்கும். அப்புறம் காலை நீங்க வந்து ஒட்டவைப்பீங்களா?"

இந்த வெள்ளிக்கிழமை ஃபத்னா, கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் தாலத்தைத் தலையில் சுமந்து நேரே லாயத்துக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் என்னையும் கூப்பிட்டார். வைக்கோலில் வட்டமாக உட்கார்ந்தோம். மெஸூத் எங்கள் தலைக்கு மேலே மென்றுகொண்டிருந்தது. ஃபத்னாவின் முக்காட்டில் புல் உதிர்ந்தது. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

ஜிலாலி வந்தார். உட்காரவில்லை. வயிற்றுப்பட்டையை எடுத்துச் சுற்றி, பழைய துளைக்கு இழுத்தார். எட்டவில்லை. இன்னும் இழுத்தார். மெஸூத் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த துளையில் கொக்கி தானாக உட்கார்ந்தது.

"சரிதான். வரிசையில இவன் இடம் இவனுக்கே," என்று ஜிலாலி தாலத்தருகே சம்மணமிட்டார். "நகருங்க, எனக்கும் பசிக்குது."

புஷைப் தன் இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டு, மறுபடி கூஸ்கூஸில் கை வைத்தார்.