ஆவாரையின் ஒற்றைக் கையுறை

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. எங்கள் மெட்டல் பேண்ட் முதன்முறையாகச் சொந்த ஊர்ப்பக்கம் மேடையேறப் போகிறது என்பதால், ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனோம்.

2. மண்டப வாசலில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். கீழே 'வீரத்தாய் ஆவாரை' என்று எழுதியிருந்தது.

3. ஆவாரை என்று ஒருத்தி இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. எங்கள் பேண்டுக்காக அவளைக் கற்பனை செய்தவள் நான்.

4. மண்டபத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஆவாரை தங்கள் சமூகத்துப் பெண் என்றார்.

5. ஆகவே மேடையில் ஆவாரையாக வருபவளும் தங்கள் சமூகத்துப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்.

6. எப்போதும் ஆவாரையாக வருகிற பர்வீன், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரப் பத்தி அந்த ஆறாவது பாயின்ட்டைப் பற்றியது. மற்ற ஐந்தும் பின்னணி.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — வாரத்தில் ஆறு நாள் நான் ஒரு ஷூ கம்பெனியின் லேபில் தோலை இழுத்து, மடக்கி, நனைத்து, அது எப்போது கிழிகிறது என்று குறித்துவைப்பவள். ஏழாவது நாள் வீணை வாசிப்பவள் என்பதும் தெரியும். அந்த வீணையை, ஒலியைக் கரகரக்கவைக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் செருகி வாசிக்கிறேன் என்பதை மட்டும் இதுவரை எழுதவில்லை. காரணம், சத்துவாச்சாரியில் எனக்கு வீணை கற்றுக்கொடுத்த டீச்சர் இந்தப் பத்தியின் வாசகி.

டீச்சர், தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பேண்டின் பெயர் 'எட்டாம் படை'. டிரம்ஸ் தேவா. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். விசைத்தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். மற்ற டிரம்மர்கள் வருடக்கணக்கில் பழகும் வேகம் அவனுக்குத் தாலாட்டாகக் கிடைத்தது. நாதஸ்வரம் முரளி, சோளிங்கரிலிருந்து வருகிறான். கிடாருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் — ஞாயிற்றுக்கிழமை வராததால் இந்தக் கதையிலிருந்து தப்பினார்கள். குரல், பர்வீன்.

பர்வீன் எங்கள் கம்பெனியின் தையல் பிரிவில் இருக்கிறாள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உண்டான தொண்டை. மற்ற நேரம் மெதுவாகத்தான் பேசுவாள். மைக்கைப் பிடித்தால், ஏலகிரி மலையேறுகிற லாரி கியர் மாற்றுவது போல ஒரு உறுமல் வரும். முதல்முறை கேட்டபோது நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட பேண்டுகளுக்கு ஒரு கதை வேண்டும். வேஷம், மேடை, பாட்டு எல்லாம் அந்தக் கதையிலிருந்துதான் வரும். எங்கள் கதை ஆம்பூர் ரயில் நிலைய பிளாட்ஃபாரத்தில் பிறந்தது. ரயில் லேட். சும்மா உட்கார எனக்கு வராது; யோசித்தேன்.

பாலாற்றங்கரையில் ஓர் அரசன். அவனிடம் கணக்கில் ஏழு படைகள். கணக்கில் வராத எட்டாவது படை ஒன்று உண்டு. தோல் பதனிடுகிறவர்களின் படை. வாடை அடிக்கிறது என்று அரண்மனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எதிரி வந்த அன்று ஏழு படைகளும் ஓடிவிட்டன. எட்டாவது படை, தான் பதனிட்ட தோலில் முரசு கட்டி ஆற்று மணலில் இறங்கியது. தலைமை — ஆவாரை. ஏன் அந்தப் பெயர்? அன்று காலை லேபுக்கு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சாம்பிள் வந்திருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

மேடையில் இதைச் சிரிக்காமல் சொல்வோம். பேட்டியிலும் சிரிக்கமாட்டோம். 'வரலாறு அப்படித்தான் சொல்கிறது' என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வது எங்கள் பேண்டின் விதி. பெங்களூரிலும் சென்னையிலும் ரசிகர்கள் கண்ணடித்து ஏற்றுக்கொண்டார்கள்.

சொந்த மாவட்டத்தில் ஒருவர் கண்ணடிக்காமல் ஏற்றுக்கொண்டார். படம் வரைந்து மாலையும் போட்டுவிட்டார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் போஸ்டரைப் பார்த்துத்தான் வரைந்திருந்தார்கள். ஆனால் முகம் வேறு. நிறத்தை நன்றாக வெளுக்கவைத்திருந்தார்கள். கீழே ஒரு வருடம் வேறு. நான் வருடம் எதையும் கொடுக்கவில்லை. இடது கையில் மட்டும் முழங்கை வரை தோல் கையுறை — அது எங்களுடையது. வலது கையில் வாள் — அது எங்களுடையது இல்லை. என் கதையில் ஆவாரையிடம் வாளே கிடையாது. தோலைச் சுரண்டுகிற இரட்டைப்பிடிக் கத்திதான் அவள் ஆயுதம்.

"உக்காருங்கம்மா" என்றார் தலைவர். வெள்ளைச் சட்டை, இனிமையான மனிதர். "மண்டபத்துக்கு வாடகையே வேணாம். நம்ம அம்மா கதைய ஊரறியச் செய்றீங்க. உங்ககிட்ட வாங்குவமா?"

"எந்த அம்மா சார்?" என்றான் தேவா.

"ஆவாரை அம்மாதான். நம்ம குலத்து அம்மா."

பர்வீனுக்குப் புரையேறியது. நான் விதியை உடைத்தேன்.

"சார், ஆவாரைன்னு யாரும் கெடையாது. கத. நான்தான் எழுதினேன்."

மகள் ஜோக் அடித்தால் சிரிப்பது போலச் சிரித்தார். "நீ எழுதலம்மா. உனக்கே தெரியாம உள்ளேர்ந்து வந்திருக்கு. ரத்தத்துல இருக்கும்."

"இல்ல சார். ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டு. பொழுது போகாம யோசிச்சது."

"ட்ரெயின் ஏன் லேட்டாச்சு? அத யோசிச்சியா?"

எனக்குத் தெரிந்த எந்த லேப் டெஸ்டும் இதற்கு உதவாது.

"எடது கையில மட்டும் ஏன் கவசம்னு எங்க பசங்க கேட்டாங்க" என்று தொடர்ந்தார். "நான் சொன்னேன், வலது கை தர்மம் பண்ற கை. அத மூடக்கூடாது."

உண்மை என்னவென்றால், அந்தக் கையுறையைக் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஒரு தோல் துண்டில் தைத்தோம். மாடு எங்கோ முள்கம்பியில் உரசியிருக்கிறது. துண்டின் பாதியில் கீறல். மீதி ஒரு கைக்குத்தான் தேறியது.

"கத்தி எங்க சார்?" என்று கேட்டாள் பர்வீன். அவள் முதலில் வாய் திறந்தது அப்போதுதான்.

"தோலு சொரண்ற கத்தியா? அதெல்லாம் வேணாம்மா. அரச குலம். வாள்தான் கரெக்டு. அந்தத் தோல் மேட்டர நீங்களும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க."

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். வாசலில் அவர் கழற்றிவிட்டிருந்த செருப்பு தோல். இந்த ஊரில் பாதி வீடுகளில் உலை கொதிப்பது தோலால். கம்மி பண்ணிக்கொள்ள வேண்டுமாம்!

பிறகுதான் ஐந்தாவது பாயின்ட் வந்தது. "இந்தப் பொண்ணு நல்லா செய்து. வீடியோல பார்த்தேன், கொறையே சொல்லமாட்டேன். ஆனா அம்மாவா வர்றது நம்ம பொண்ணா இருக்கணும். எங்க சைடுல ஒரு பொண்ணு பரதம் ஆடுது. அது முன்னாடி நிக்கட்டும். இந்தப் பாப்பா பின்னாடி நின்னு கொரல் மட்டும் குடுத்துடட்டும்." பர்வீன் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதம்மா."

பர்வீன் கிளாஸை வைத்தாள். "டீ நல்லா இருந்துச்சு சார்" என்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

எந்தச் சமூகம், எந்தச் சங்கம் என்று கேட்டு எனக்கு மெயில் போடாதீர்கள். எழுதமாட்டேன். யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். நான் கவனித்தது வேறு ஒன்று. என் கதையில் பயந்து ஓடிப்போன படைகள் ஏழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட இதுவரை ஒரு சங்கமும் உரிமை கோரவில்லை.

வெளியே, தேவாவின் மினி லாரி பக்கத்தில் நின்று பேசினோம்.

"ஒரு நாளைக்குத்தானே" என்றான் முரளி. "இவ்ளோ பெரிய ஹாலு, ஜெனரேட்டர், எல்லாம் இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"பின்னாடி நின்னு கத்தணுமா?" என்றாள் பர்வீன். "நான் இன்னா எஃப்.எம். ரேடியோவா?"

"அப்படி இல்ல பர்வீன்…"

"எங்க தையல் லைன்ல அத்தன பேரும் வர்றாங்க. சூப்பர்வைசர் அக்கா வர்றாங்க. எங்க அம்மி வர்றாங்க. வந்து இன்னா பாப்பாங்க? பரதம் ஆடுற பொண்ணயா?"

அம்மி என்றுதான் அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். அவர் இதுவரை ஒரு ஷோவும் பார்த்ததில்லை. பெங்களூருக்கும் சென்னைக்கும் அவர் எங்கே வர முடியும்? மகள் டிராமாவில் படைத்தலைவி என்று மட்டும் தெரியும். முழங்கால் வலியோடு பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். சொந்த ஊரில் ஷோ வேண்டும் என்று பர்வீன் ஒரு வருடமாக எங்களை நச்சரித்ததே இதற்காகத்தான்.

முரளி லாரியில் சாய்ந்துகொண்டான். அப்புறம், "விசேஷத்துக்கு வாசிக்கப் போனா, யாரு எவருன்னு கேட்டுட்டுதான் பந்தியில எடம் காட்டுவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. அதான் சட்டுனு அப்படிச் சொல்லிட்டேன்" என்றான்.

"பழகாத" என்றாள் பர்வீன்.

தேவா லாரிக் கதவைத் திறந்தான். "எங்க பெரியப்பா லுங்கி குடோன் இருக்கு, குடியாத்தத்துல. கேக்கட்டுமா?"

"எலி இருக்குமே" என்றான் முரளி.

"நம்ம சத்தத்துக்கு எலி நாட்றம்பள்ளி வரைக்கும் ஓடும். நீ வர்றியா இல்லியா தோஸ்த்?"

வர்றேன் என்றான்.

நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். மண்டபம் வேண்டாம் என்றேன். பர்வீன் இல்லாமல் ஆவாரை இல்லை என்றேன். படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"படத்த எப்படிம்மா எடுக்க முடியும்?" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "மாலை போட்டாச்சே."

அன்று மாலையே பேண்டின் இணையப் பக்கத்தில் எழுதினேன்: 'ஆவாரை கற்பனை. எட்டாம் படை கற்பனை. அரசனும் கற்பனை. ஆறு மட்டும் நிஜம்.' இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா? கீழே வந்த முதல் கமென்ட்: 'உண்மையை மறைக்கச் சொல்லி உங்களை மிரட்டியது யார்?' இரண்டாவது கமென்ட்: 'வரலாற்றை அழிக்காதே.' மூன்றாவதைப் படிக்கவில்லை.

ஆக, உண்மையைச் சொல்லியாயிற்று, வேலைக்கு ஆகவில்லை. ஆனால் நான் ஒன்றை மறந்திருந்தேன். கதை இன்னும் என் கையில்தானே இருக்கிறது?

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து புதிய அத்தியாயம் எழுதி, அதே இணையப் பக்கத்தில் போட்டேன்.

எட்டாம் படையில் சேர வருகிறவர்களிடம் ஆவாரை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள் — முரசைத் தூக்க முடியுமா? ஒருநாள் பெரிய மனிதர் ஒருவர் வந்து, உன் படையில் இருப்பவர்கள் எந்தக் குலம் என்று கேட்டார். ஆவாரை அவரை மரியாதையாக ஆற்றின் அக்கரையில் கொண்டுபோய் விட்டுவரச் சொன்னாள். அன்றிலிருந்து அது படையின் சட்டம். குலம் கேட்டவர் அக்கரைக்கு. கூடவே கையுறைக்கும் ஒரு காரணம் எழுதினேன்: சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புண்ணான கை அது. வெட்கப்பட்டு மூடவில்லை, மறுநாளும் வேலை இருக்கிறது என்று மூடினாள்.

பர்வீன் கேன்டீனில் அதை இரண்டு முறை படித்தாள்.

"தலைவர் ஷோவுக்கு வந்தா உள்ள விடுவமா?" என்று கேட்டேன்.

"முரசத் தூக்கச் சொல்லு. தூக்கினா விடு."

புதன்கிழமை லேபில் இருந்தபோது தலைவரிடமிருந்து போன்.

"இன்னாம்மா இப்படி எழுதிட்ட? அம்மா அப்படியெல்லாம் செஞ்சிருக்கவேமாட்டாங்க. இதுக்கு இன்னா ஆதாரம்?"

"எனக்கே தெரியல சார். உள்ளேர்ந்து வந்துச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னிக்குன்னு பார்த்து கம்பெனி பஸ்ஸும் லேட்டு சார். ஏன் லேட்டாச்சுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

வைத்துவிட்டார்.

இன்றைய நிலவரம். மண்டபம் போய்விட்டது. படம் இன்னும் அதே வாசலில், வாளோடு இருக்கிறது. குடியாத்தம் குடோனில் சுவர் நெடுக லுங்கி பேல்கள், பெரிய பெரிய துணிக்கட்டுகள், அடுக்கியிருக்கின்றன; எதிரொலியை எல்லாம் அவை குடித்துவிடுகின்றன. ஒத்திகை பார்த்தோம்; இதுவரை வாசித்த எந்த ஹாலிலும் என் வீணை இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. கரன்ட் லோடு தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டிருக்கிறார். தையல் லைன் ஒரு வேன் பேசிவிட்டது. அம்மி கால் நீட்டி உட்கார, முன்வரிசையில் ஒரு பேலை இறக்கிப் போட்டிருக்கிறோம்.

ஆவாரையாகப் பர்வீன் வருகிறாள். முன்னால் நின்று.